"ஆர்டரை கேன்சல் பண்ணிட்டு எனக்கே அனுப்புங்க": விற்பவர் இப்படிக் கேட்டால்

கேள்வி: ஐயா, வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் மூன்று ஏக்கர் நெல் விவசாயம் செய்கிறேன். களை எடுக்க ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அதனால் ஆன்லைன் விற்பனைத் தளம் ஒன்றில் 38,000 ரூபாய்க்கு ஒரு பவர் வீடர் (களை எடுக்கும் மிஷின்) ஆர்டர் போட்டு, பணமும் கட்டினேன். பொருளின் படத்திலேயே ஒரு போன் நம்பர் இருந்தது. சந்தேகம் கேட்கக் கூப்பிட்டபோது விற்பவர், "தளத்துக்கு கமிஷன் கட்டி எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஆர்டரை கேன்சல் செய்துவிட்டு யுபிஐ மூலம் எனக்கே அனுப்புங்கள், 33,500 ரூபாய்க்குத் தருகிறேன், லாரியில் ஏற்றிவிடுகிறேன்" என்றார். ஜிஎஸ்டி சான்றிதழ், ஆதார் எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நம்பி 1,000 ரூபாய் அச்சாரம் அனுப்பிவிட்டேன். ஆர்டரை இன்னும் கேன்சல் செய்யவில்லை. மீதியை அனுப்பலாமா? 4,500 ரூபாய் எனக்குப் பெரிய தொகை.

பதில்: அனுப்ப வேண்டாம். அவர் சொல்கிறார் என்பதற்காக ஆர்டரை கேன்சல் செய்யவும் வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலைப் படிக்கும் நேரத்திலும் அவரிடமிருந்து உங்களுக்கு போன் வந்துகொண்டிருக்கலாம்.

அவர் மோசடிக்காரரா, கமிஷனை மிச்சம் பிடிக்கப் பார்க்கும் உண்மையான வியாபாரியா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. உங்களாலும் முடியாது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. தளங்கள் கமிஷன் எடுப்பது உண்மை, அதைப் பற்றி நல்ல வியாபாரிகளே புலம்புவதும் உண்மை. அந்த உண்மையைச் சொல்லித்தான் மோசடிக்காரரும் பேச்சைத் தொடங்குகிறார். அதனால் ஆளை எடைபோடுவதை விட்டுவிட்டு, பணம் எந்த வழியில் போகிறது என்று பார்ப்போம்.

தளத்தில் நீங்கள் கட்டிய 38,000 ரூபாய் உடனே விற்பவர் கையில் விழுவதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, இப்படிப் பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனங்கள் அதை ஒரு வங்கியில் எஸ்க்ரோ கணக்கு என்ற தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். பொருள் அனுப்பியாயிற்றா, வந்து சேர்ந்ததா, திருப்பி அனுப்பும் நாள் முடிந்ததா என்று ஒப்பந்தத்தில் எதைக் குறித்திருக்கிறார்களோ அதன்படிதான் விற்பவருக்குப் போகும். மிஷின் வரவில்லை என்றாலோ, உடைந்து வந்தாலோ, பணம் இன்னும் நடுவில் இருக்கும்போதே நீங்கள் தகராறு எழுப்பலாம்.

யுபிஐயில் நேராக அனுப்பினால் இந்த நடுவிடமே கிடையாது. ரகசிய பின் நம்பரைப் போட்ட சில நொடிகளில் பணம் அவர் கணக்கில் இருக்கும். செக் கொடுத்துவிட்டு வங்கிக்குப் போய் ஸ்டாப் பேமெண்ட் எழுதிக் கொடுப்போமே, அந்த மாதிரி நிறுத்தும் வழி இதில் இல்லை. "வங்கிப் பணத்துக்கு ரிசர்வ் வங்கி பாதுகாப்பு இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று வந்த சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல், உங்களுக்குத் தெரியாமல் யாரோ உங்கள் கணக்கிலிருந்து பணத்தை எடுத்து, நீங்கள் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ஆனால் நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம் அந்தப் பாதுகாப்பில் வராது.

நான் வங்கியில் வேலை பார்த்த காலத்தில் பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தையல் மெஷினுக்காக நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தார், மெஷின் வரவில்லை. "நானேதான் சார் அனுப்பினேன், ஆனா ஏமாந்துதானே அனுப்பினேன்" என்றார். அவர் சொன்னது நியாயம். அந்த நியாயத்தை எழுதுவதற்கு என் எதிரில் இருந்த படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை. அவர் திரும்பிப் போனதை இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

சரி, உங்கள் விற்பவர் உண்மையானவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த 4,500 ரூபாய் உங்களுக்கு லாபமா? ஆர்டரை நீங்களே கேன்சல் செய்தால், வாங்குபவர் மனம் மாறிவிட்டார் என்றுதான் தளத்தில் பதிவாகும். நாளைக்கு மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை என்று தளத்திடம் போனால், எங்களிடம் அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்பார்கள். பில் இல்லாமல் போனால் இன்ஜின் வாரண்டியும் போயிற்று. வீடரில் அடிக்கடி தேய்வது பிளேடும் கியர் பாக்ஸும். சீரியல் நம்பர் போட்ட பில் கையில் இல்லாமல் சர்வீஸ் சென்டர் வாசலில் நின்று பாருங்கள், அந்த 4,500 எங்கே போயிற்று என்று தெரியும். பில் போடாததால் வரி மிச்சம் என்று அவர் சொன்னால் அதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வகைப் பண்ணைக் கருவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 38,000 ரூபாயில் வரி ஏறத்தாழ 1,810 ரூபாய்தான்.

அவர் அனுப்பிய சான்றிதழ்களைப் பற்றி. ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம், நிறுவனத்தின் பெயர் வரும். பெயர் வந்துவிட்டதே என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். எண் உண்மையாக இருக்கலாம். போனில் பேசுகிறவர் அந்த நிறுவனத்துக்காரர் என்பதற்கு அது சான்றாகாது. அடுத்தவர் சான்றிதழைப் படமெடுத்து அனுப்புவது இந்த மோசடியில் பழகிப்போன ஒன்று. ஆதாரும் அப்படித்தான், சிலர் காட்டும் ராணுவ அடையாள அட்டையும் அப்படித்தான். இதைவிட உபயோகமான ஒன்று உங்கள் போனிலேயே இருக்கிறது. 2025 ஜூன் 30-க்குள், பணம் பெறுபவரின் வங்கியில் பதிவான பெயரையே யுபிஐ செயலிகள் காட்ட வேண்டும் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ நிறுவனம் உத்தரவிட்டது. நீங்கள் 1,000 ரூபாய் அனுப்பியபோது என்ன பெயர் வந்தது என்று பாருங்கள். சான்றிதழில் ஒரு டிரேடர்ஸ் பெயரும், யுபிஐயில் சம்பந்தமே இல்லாத தனிநபர் பெயரும் இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. பெயர் பொருந்தினாலும் என் பதில் மாறாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நம் பகுதியில் அச்சாரம் கொடுப்பது தலைமுறைப் பழக்கம். நாச்சியார்கோவிலில் ஆளுயரக் குத்துவிளக்குக்குச் சொல்லும்போதும், சுவாமிமலையில் ஐம்பொன் சிலைக்குச் சொல்லும்போதும் முன்பணம் கொடுக்கத்தான் செய்கிறோம். உலோகம் வாங்க அவருக்குப் பணம் வேண்டும், அது நியாயம். ஆனால் பட்டறை எந்தத் தெருவில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். காவிரி வண்டலில் அச்சு காய்வதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். திருபுவனத்தில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பட்டு எடுத்தால் ரசீது கைக்கு வரும். அச்சாரம் என்பது ஆளும் இடமும் தெரிந்த உறவில் பிறந்த வழக்கம். முகவரி தெரியாத போன் நம்பருக்கு நாம் அதே மனசோடு அனுப்பிவிடுகிறோம், அதைத்தான் அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறோமா?

இன்னொரு வகைத் தளங்களும் உண்டு. பழைய பொருள் விளம்பரங்கள், முகநூல் விற்பனைப் பக்கங்கள், ஊர் வாட்ஸ்அப் குழுக்கள். அங்கே பெரும்பாலும் பணத்தை நடுவில் யாரும் வைத்துக்கொள்வதில்லை, நேராகக் கொடுப்பதுதான் நடைமுறை. அங்கே வாங்குவதாக இருந்தால் நேரில் போய், இன்ஜினை ஓட்டிப் பார்த்து, மிஷின் வண்டியில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள். போக முடியாத தூரம் என்றால் அந்தப் பொருள் நமக்கு வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தளத்திலேயே விலையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள், அங்கேயே வாங்கிக்கொள்கிறேன், முடியுமா?" தளத்தில் விலை வைப்பவர் அவர்தான், வியாபாரம் வேண்டும் என்கிறவர் நூறு இருநூறாவது குறைப்பார், இல்லை கட்டுப்படியாகாது என்று மரியாதையாகச் சொல்வார். மோசடிக்காரர் அவசரப்படுத்துவார். "இன்றைக்கு ஒரு பீஸ்தான் இருக்கிறது, லாரி கிளம்புகிறது, நடவு முடிந்தால் உங்களுக்குத்தானே நஷ்டம்" என்பார். மேட்டூர் திறந்து தண்ணீர் வயலுக்கு வந்துவிட்டால் நமக்கு ஒவ்வொரு நாளும் கணக்கு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அடுத்து வரக்கூடியதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அனுப்பினால் ஒரு லாரி ரசீதின் படம் வரும். அப்புறம் பார்சல் ஆபீஸிலிருந்து பேசுவதாக வேறொரு குரல், ஏற்றுக்கூலி 1,800 கட்டுங்கள், மிஷின் வந்ததும் திரும்பிவிடும் என்னும். உங்களுக்குப் பணம் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றும் கேட்பார்கள். பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை. தனிநபர்கள் யுபிஐயில் கோரிக்கை அனுப்பிப் பணம் கேட்கும் வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டதால் இப்போது க்யூஆரும் லிங்கும்தான் அதிகம் வரும். தள ஆர்டரை அனுப்பிவிட்டதாகக் காட்டி, டெலிவரி ஓடிபியை போனில் கேட்டாலும் சொல்லாதீர்கள். பெட்டி உங்கள் வாசலுக்கு வந்த பிறகுதான் ஓடிபி. பிரிக்கும்போது முழுவதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.

போன 1,000 ரூபாய்க்கு வருகிறேன். பெரிய தொகையை இழந்தவர்களில் நான் பார்த்த பலரும் முதலில் போன சிறிய தொகையைக் காப்பாற்றப் போனவர்கள்தான். மீதியை அனுப்பாவிட்டால் கொடுத்ததும் போய்விடுமே என்ற பயம் இயல்பானது. அது போனால் போகட்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் புகார் செய்யாமல் இருக்காதீர்கள். அவரிடம் அந்த 1,000 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றாலோ, நம்பரை பிளாக் செய்தாலோ, அன்றைக்கே 1930-க்கு போன் செய்யுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் பதிவு செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்ல வழி உண்டு. பணம் அங்கிருந்து நாலு கணக்கு தாண்டிவிட்டால் கஷ்டம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நாள், நேரம், அவர் யுபிஐ முகவரி, உரையாடலின் படங்கள் எல்லாம் தயாராக இருக்கட்டும். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புகார் கொடுத்த பிறகு, "பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது கூப்பிட்டால் அதுவும் மோசடிதான்.

தளத்துக்கும் எழுதுங்கள். படத்தில் போன் நம்பர் போட்டு ஆட்களை வெளியே இழுக்கிறார் என்று தெரிந்தால் அந்த விற்பவரின் கணக்கை அவர்கள் முடக்கக்கூடும், அடுத்த விவசாயி தப்பிப்பார். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளம் காட்டியாக வேண்டும். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தளத்தின் வழியாகவே வாங்கிய பொருளில் தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் நோட்டீஸ் அனுப்ப முகவரி வேண்டும். நேராகப் பணம் கட்டியவர்கள் பெரும்பாலும் வந்து முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான், அவர்களிடம் இருப்பது ஸ்விட்ச் ஆஃப் ஆன ஒரு நம்பர் மட்டும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். 4,500 ரூபாய் உங்களுக்குப் பெரிய தொகை என்று எழுதியிருக்கிறீர்கள். பவர் வீடருக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியத் திட்டம் இருக்கிறது. சிறு, குறு விவசாயிகளுக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதம் வரை. மூன்று ஏக்கர் என்றால் நீங்கள் அதற்குள் வருவீர்கள். ஆனால் முதலிலேயே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. உழவன் செயலியில் பாருங்கள், இல்லையென்றால் சிட்டா, ஆதாரோடு துறையின் அலுவலகத்துக்கு நேரில் போய் இந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால், அப்போது உங்கள் காரணத்துக்காக அந்தத் தள ஆர்டரை நீங்களே கேன்சல் செய்யுங்கள். 38,000 ரூபாய் போன வழியிலேயே உங்கள் கணக்குக்குத் திரும்பி வரும்.