டெரெக் சாவின் 19 ஆண்டுகள் போலீஸ் வேலையில் இருந்தாரே, அவரை முன்பே தடுத்திருக்க முடியாதா?

கண்டிப்பாக முடிந்திருக்கும். அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்பவரை முழங்காலால் அழுத்திக் கொன்ற போலீஸ்காரர்தான் சாவின். 2021 மார்ச், ஏப்ரலில் அவர் மீது நடந்த கொலை விசாரணையை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து நேரலையில் பார்த்தவன் நான். ஆனால் என்னை இன்றும் விடாமல் உறுத்துவது, அங்கே தீர்ப்பு சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரிக்குக் காட்டப்படாத ஒரு சம்பவம்.

2017 செப்டம்பர், சாவின் வேலை பார்த்த மினியாபோலிஸ் நகரம். ஒரு வீட்டுக்குள் 14 வயதுப் பையனை சாவின் டார்ச் லைட்டால் தலையில் அடித்தார், தொண்டையைப் பிடித்தார். குப்புறக் கிடத்தி விலங்கு மாட்டிய பிறகும் 15 நிமிடங்களுக்கு மேல் முழங்காலால் அழுத்திக்கொண்டிருந்தார். மூச்சு விட முடியவில்லை என்று பையன் சொன்னான். போலீஸ்காரர்கள் சட்டையில் மாட்டியிருந்த கேமராவில் இது பதிவானது. பதிவு துறையின் கையிலேயே இருந்தது. சாவின் மீது நடவடிக்கை எதுவும் இல்லை.

2001ல் வேலைக்குச் சேர்ந்தவர். அவர் மேல் குறைந்தது 17 புகார்கள் வந்தன. தண்டனை என்று கிடைத்தது, வேகமாக வண்டி ஓட்டிய ஒரு பெண்ணை 2007ல் காரிலிருந்து வெளியே இழுத்ததற்காகக் கொடுத்த கண்டனக் கடிதங்கள் மட்டும்தான். இடையில் வீரப் பதக்கமும் கொடுத்தார்கள். அதைவிடக் கொடுமை, புதிதாகச் சேர்பவர்களுக்குக் களத்தில் தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள்.

இதன் விலை 2020 மே 25 அன்று தெரிந்தது. கடையில் 20 டாலர் கள்ளநோட்டு கொடுத்ததாக ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் பிடித்து, கைகளைப் பின்னால் கட்டி ரோட்டில் குப்புறப் போட்டிருந்தார்கள். அவர் கழுத்தில் சாவின் முழங்காலை ஊன்றியிருந்தார். அவரைப் பிடித்திருந்த மற்ற இருவரும் வேலைக்கு வந்து சில நாட்களே ஆனவர்கள். அதில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்ததே சாவின்தான். இன்னொருவர், "பக்கவாட்டில் திருப்பலாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். சாவின் வேண்டாம் என்றுவிட்டார். நாடி கிடைக்கவில்லை என்று ஒருவர் சொன்ன பிறகும் முழங்கால் எழவில்லை. மொத்தம் 9 நிமிடம் 29 விநாடி. பெரியவர் சொன்னால் சின்னவர் வாயை மூட வேண்டும் என்ற பழக்கம் அந்த இடத்தில் ஓர் உயிரைக் குடித்தது.

அன்றைக்குப் போலீஸ் விட்ட அறிக்கையில் முழங்கால் என்ற பேச்சே கிடையாது. கைதானவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனது போல எழுதியிருந்தார்கள். 17 வயதுப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்த வீடியோ வெளிவராமல் இருந்திருந்தால், இதுவும் இன்னொரு புகாராகக் கோப்புக்குள் போயிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

விசாரணையில் நகரக் காவல் தலைவர் மெடாரியா ஆரடொண்டோவே கூண்டில் ஏறி, இது எங்கள் பயிற்சியும் இல்லை, விதியும் இல்லை என்று சாட்சி சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது, ஆனால் கோபமும் வந்தது. 2017லேயே இதைச் சொல்லியிருக்க வேண்டிய துறை அல்லவா அது? 2021 ஏப்ரல் 20 அன்று கொலை உட்பட மூன்று குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டுகள்.

அந்தப் பையனுக்குச் செய்ததை 2021 டிசம்பரில்தான் ஃபெடரல் (மத்திய அரசின்) நீதிமன்றத்தில் சாவின் ஒப்புக்கொண்டார். நகர நிர்வாகம் அவனுக்கு 75 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது 2023ல். அதற்குள் அவன் பையனாக இருந்த வயதையே தாண்டிவிட்டான்.