மலக்குழி மரணம்: பொறியியலா, சமூகவியலா?

சிவில் பொறியியல் முடித்துவிட்டு வளர்ச்சி ஆய்வியல் எம்.ஏ. படிக்கிறீர்கள், மலக்குழி மரணங்களை ஆய்வேடாக எடுத்தால் "முதலில் எந்தத் துறை என்று முடிவு செய்" என்கிறார் நெறியாளர். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துறையைத் தேடாதீர்கள், கேள்வியைச் சுருக்குங்கள்.

சட்டத்துக்கு ஓர் அத்தியாயம், சாதிக்கு ஒன்று, தொழில்நுட்பத்துக்கு ஒன்று என்று பிரித்தால் மூன்றும் ஒட்டாது. (பல ஆய்வேடுகள் அப்படித்தான் வருகின்றன.) ஒரே ஊர், ஒரே சம்பவம் எடுங்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம், பாதுகாப்பில்லாமல் ஆளை மலக்குழியில் இறக்குவதையும் தடை செய்கிறது. அப்புறமும் ஏன் இறக்கினார்கள்? ஒப்பந்தப் புள்ளி ஆவணத்தை ஆர்டிஐ போட்டு வாங்கிப் பாருங்கள்: இயந்திரத்துக்கு வாடகை ஒதுக்கியிருக்கிறார்களா, வேலை துணை ஒப்பந்தத்துக்குப் போயிருக்கிறதா? முதல் தகவல் அறிக்கையில் அந்த 2013 சட்டமும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கின்றனவா, வெறும் 'கவனக்குறைவு' மட்டும்தானா? இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-இல் 10 லட்சம் என்றது, 2023-இல் 30 லட்சமாக்கியது. குடும்பத்துக்கு எவ்வளவு, யார் கையால் போனது?

உங்கள் பொறியியல் இங்கே வீண்போகாது. மலக்குழியில் சேரும் நச்சு வாயுவான ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும், அளவு கூடினால் மோப்பமே மரத்துவிடும். "நாற்றம் இல்லை, இறங்கு" என்று மேஸ்திரி சொல்லியிருந்தால் அதன் பொருள் உங்களுக்குத்தான் உடனே புரியும்.

குடும்பத்தைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். அங்கே வேலை செய்யும் தொழிற்சங்கத் தோழர் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.