ஒன்பது வயது மோப்ப நாயை வீட்டுக்குக் கூட்டி வரலாமா?

கேள்வி: என் கணவர் காவல் துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருக்கிறார். ஏழு வருடமாக அவரோடு வெடிகுண்டு தேடும் வேலை பார்த்த ஜெர்மன் ஷெப்பர்டு அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறது. வயது ஒன்பது. வீட்டுக்குக் கூட்டி வந்தே தீருவேன் என்கிறார். எங்களுக்கு நாலு வயதில் மகள் இருக்கிறாள். இவ்வளவு நாள் கூண்டில் இருந்த நாய், அவளைக் கடித்துவிட்டால்? வைத்தியச் செலவும் இனி எங்களுடையதுதானாம். வேண்டாம் என்று சொன்னால் நான் ஈரமில்லாதவளா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லவே இல்லை. நாலு வயதுக் குழந்தையின் அம்மா இதைக் கேட்காமல் இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். ஆனாலும் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு வரட்டும் என்றுதான் நான் சொல்வேன்.

ஓய்வு என்றால் என்னவென்று நாய்க்குத் தெரியாது. உங்கள் கணவர் பூட்ஸ் மாட்டுவார், கழுத்துப் பட்டையை எடுப்பார், வண்டிக் கதவு திறக்கும், தேடச் சொல்வார், கண்டுபிடித்ததும் பந்து கிடைக்கும், ஏழு வருடமாக அதற்குத் தெரிந்த வாழ்க்கை இதுதான். இப்போது வேலை நிற்கப்போகிறது, படுத்த இடம் மாறப்போகிறது, அதோடு அந்த மனிதரும் இல்லாமல் போனால் அதற்கு எதுவுமே மிஞ்சாது. ஓய்வு பெறும் நாயை ஹேண்ட்லருக்கே, அதாவது அதைக் கூடவே வைத்து வேலை வாங்கியவருக்கே, முதலில் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருப்பது சும்மா இல்லை.

இந்த உரிமையும் எளிதாக வந்துவிடவில்லை. அமெரிக்க ராணுவத்தில் வேலை முடிந்த நாய்களைக் கருணைக் கொலை செய்வதுதான் நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. ராபி என்ற மாலினாய் (பெல்ஜிய ஷெப்பர்டு வகை) நாயைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்லி அதன் பழைய ஹேண்ட்லர் போராடினார், 2000 நவம்பரில் அதன் பெயராலேயே ஒரு சட்டம் வந்தது, ஹேண்ட்லர்கள் தத்தெடுக்கலாம் என்று. ஆனால் ராபி அவர் வீட்டுக்குப் போகவில்லை. உடல் மோசமாகிவிட்டது என்று 2001 ஜனவரியில் அதன் கதையை முடித்துவிட்டார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். வெடிகுண்டு தேடும் நாய்க்குப் பொதுவாகக் கடிக்கக் கற்றுக் கொடுப்பதில்லை. வாசனை வந்த இடத்தில் சத்தம் போடாமல் உட்காரவோ அசையாமல் நிற்கவோதான் பழக்குவார்கள். ஆனால் சில ஜெர்மன் ஷெப்பர்டுகளுக்கு ஆளைப் பிடிக்கும் பயிற்சியும் சேர்த்தே கொடுத்திருப்பார்கள், அதனால் உங்கள் கணவரிடம் நேராகக் கேளுங்கள்: இது யாரையாவது கடித்திருக்கிறதா, குழந்தைகள் ஓடும்போது என்ன செய்கிறது, பந்தை விடச் சொன்னால் விடுகிறதா. மழுப்பாமல் பதில் சொல்லச் சொல்லுங்கள், அவரை விட அந்த நாயை அறிந்தவர் யாரும் இல்லை. ஆள் பிடிக்கும் நாயாக இருந்து, பதிலிலும் தயக்கம் இருந்தால், குழந்தைகள் இல்லாத வேறு ஹேண்ட்லர் வீடு பார்ப்பதே நல்லது. உங்கள் கணவர் போய்ப் பார்த்து வரலாம்.

நான் அதிகம் பயப்படுவது பயிற்சியைப் பார்த்து அல்ல, வலியைப் பார்த்துத்தான். வருடக்கணக்கில் வண்டியிலிருந்து குதித்து இறங்கிய நாய்க்கு ஒன்பது வயதில் இடுப்பும் முதுகும் தேய்ந்திருக்கலாம், கூண்டுக் கம்பியைக் கடித்துப் பல் போயிருக்கலாம். வேலை வெறியில் அந்த வலியை எல்லாம் காட்டாமலே இருந்திருக்கும். அது தூங்கும்போது குழந்தை போய் இடுப்பில் கை ஊன்றினால் எவ்வளவு நல்ல நாயும் திரும்பும். அதனால் வீட்டுக்கு வருமுன் கால்நடை மருத்துவரிடம் முழுப் பரிசோதனை, மூட்டு எக்ஸ்ரே, பல், ரத்தம் எல்லாம் பார்த்துவிடுங்கள், பழைய சிகிச்சைக் குறிப்புகளையும் துறையிடம் கேட்டு வாங்குங்கள். வழுக்கும் தரையில் மிதியடி விரியுங்கள். அதற்கென்று ஒரு மூலை, கூண்டில் விரித்திருந்த பழைய போர்வையோடு, அங்கே மகள் போகவே கூடாது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது. முதல் சில மாதம் இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள். உறுமினால் திட்டாதீர்கள், உறுமல் எச்சரிக்கை, அதை அடக்கிவிட்டால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே கடி வரும். வருகிற விருந்தாளிகளுக்குப் பழைய கட்டளைகளைச் சொல்லிக் காட்டும் ஆசை உங்கள் கணவருக்கு வரும், அது மட்டும் வேண்டவே வேண்டாம்.

பணம் பற்றி நீங்கள் பயப்படுவதும் நியாயம். கையெழுத்துக் கேட்கும் காகிதத்தில் பெரும்பாலும் இருப்பது இதுதான்: நாய் இனி உங்கள் சொத்து, செலவும் அது செய்யும் சேதமும் உங்கள் பொறுப்பு. நிதானமாகப் படித்துவிட்டுப் போடுங்கள். காப்பீடு எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள். துறை ஏதாவது உதவுமா என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயர் போலீஸ் 2013-இல் ஓய்வு பெற்ற நாய்களின் மருத்துவத்துக்கு வருடம் 500 பவுண்டு வரை, 3 வருடத்துக்குத் தருவதாக அறிவித்தது. ஊருக்கு உழைத்த நாயின் மருந்துச் செலவை ஒரு குடும்பத்தின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் ஒன்று, உங்கள் கணவர் இன்னும் பணியில் இருப்பவர், நாளைக்கே புது நாய் ஒன்றோடு வேலைக்குப் போவார். காலையில் அவர் பூட்ஸ் கயிறு கட்டும் சத்தம் கேட்டதும் இது எழுந்து கதவருகில் போய் நிற்கும். கதவு மூடிய பிறகும் நிற்கும், சில நாய்கள் வெகுநேரம் முனகும். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கப்போவது நீங்கள்தான். அதனால் கிளம்புமுன் அவர் அந்தப் பந்தை வீட்டுக்குள் எங்காவது ஒளித்து வைத்துவிட்டுப் போகட்டும், கதவு மூடியதும் தேடச் சொல்லி நீங்கள் குரல் கொடுங்கள். வேலை செய்த மூக்கு, சும்மா இருக்க அதற்குத் தெரியாது. பத்து நிமிடம் தேடிக் கண்டுபிடித்தால் களைத்துப் படுத்துவிடும், நாலைந்து வாரத்தில் உங்கள் முகத்தையும் பார்க்க ஆரம்பிக்கும்.

முதல் மாதம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள், குறிப்பாக ராத்திரி நன்றாகத் தூங்குகிறதா என்று.