மகளை டிரம் கோருக்கு அனுப்பலாமா? சின்னக் குழுவாகப் பார்த்து அனுப்புங்கள்

தம்பி, கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோ பக்கம் ஃபோல்சமுக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் பள்ளி மார்ச்சிங் பேண்டில் மெலோஃபோன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிக்கும் மகள் "கோடையில் டிரம் கோர் போகணும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்கிறீர்கள். ஊர் ஊராகப் போய் பள்ளிக்கூட ஜிம் தரையில் படுக்க வேண்டுமாம், அதற்குக் காசும் நாமே கட்ட வேண்டுமாம், இது தேவையா, பேசாமல் காலேஜ் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு கோச்சிங்கில் போட்டுவிடலாமா என்பது உங்கள் கேள்வி. வீட்டில் அம்மா பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அனுப்புங்கள். ஆனால் முதல் வருடமே பெரிய பெயருள்ள குழுவைத் தேடாதீர்கள்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பித்தளை ஊதுகருவிகள், டிரம், கொடியும் மரத்துப்பாக்கியும் சுழற்றும் கலர் கார்டு, இவைதான் டிரம் கோரின் அடிப்படை. கிளாரினெட், புல்லாங்குழலுக்கு இடமில்லை. 21, 22 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கோடை முழுக்கப் பயிற்சி செய்து, ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஃபுட்பால் மைதானங்களில் போட்டியிடுவார்கள். டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, 1971ல் தொடங்கியது. முதல் சாம்பியன்ஷிப் 1972ல் விஸ்கான்சினில் உள்ள வைட்வாட்டரில் நடந்தது. இப்போது இறுதிப்போட்டி இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்தில்.

நான் சாக்ரமென்டோ பக்கம் வந்தது தொண்ணூறுகளில். இந்தப் பகுதி டிரம் கோருக்குப் பேர்போன இடம். கான்கார்டில் புளூ டெவில்ஸ், சாண்டா கிளாராவில் வேன்கார்ட். அன்றைய உச்சவரம்பு 128 பேர், அந்த அளவுக்கு ஆள் திரட்டி வரும் ஜாம்பவான்கள். நம் ஊரில் இருந்ததோ மாண்டரின்ஸ். 1963ல் சாக்ரமென்டோவின் சீனக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய குழு. அப்போது அதற்கு யே வா என்று பெயர். பிறகு எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் பார்க்க ஆரம்பித்தபோது 60 பேருக்கு மேல் இருக்கக்கூடாத மூன்றாம் டிவிஷனில் இருந்தார்கள். அந்தப் பிரிவில் பல முறை சாம்பியன்.

சின்னக் குழுக்கள்தான் முதலில் இறங்கும், பெரியவை இரவில் விளக்கு வெளிச்சத்தில். ஆகவே அவர்கள் ஆடும்போது வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். பாதிக் கூட்டம் இன்னும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கும், மீதிப் பாதி நாச்சோஸ் வரிசையில் நிற்கும். நூறு கெஜ நீள மைதானத்தில் அறுபது பிள்ளைகள் வந்து நின்றால் ஏதோ ஆள் பற்றாக்குறை மாதிரி இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். அப்போது முதல் கூட்டுச்சுரத்தை ஒன்றாக ஊதுவார்கள் பாருங்கள், அவர் துணியைக் கையில் பிடித்தபடி நிமிர்வார்.

அந்தக் காலத்தில் எல்லாக் குழுவும் பியூகிள் எனும் பித்தளை ஊதுகருவியை, அதுவும் ஜி சுருதியில்தான் வாசிக்க வேண்டும். 2000ல்தான் எந்தச் சுருதிக் கருவியும் வைத்துக்கொள்ளலாம் என்று விதியை மாற்றினார்கள். அந்த ஜி பியூகிளில் ஒரு கரகரப்பு உண்டு. முப்பது பேர்கூட இல்லாத ஹார்ன் வரிசை, மைக் கிடையாது, ஆனால் மேல்வரிசை வரைக்கும் நெஞ்சில் வந்து இடிக்கும். மைதானம் முழுக்கப் பரவினால் சத்தம் சிதறிவிடும் என்பதால் டிரில், அதாவது யார் எப்போது எங்கே நகர்வது என்ற திட்டம், எழுதுபவர் அவர்களை ஐம்பது கெஜக் கோட்டுக்கு இருபுறமும் நெருக்கமாகவே வைத்திருப்பார். ஐந்து கெஜத்துக்கு எட்டுக் காலடி, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம். அந்த அளவில் பின்னோக்கி நடந்துகொண்டே ஊத வேண்டும். திரும்பிப் பார்க்கக்கூடாது.

சின்னக் குழு ஏன் நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. நூறு பேர் பாடும் பஜனையில் ஒருவர் சுருதி விலகினால் யாருக்கும் தெரியாது, மூன்று பேர் உட்கார்ந்து பாடும் கச்சேரியில் உடனே தெரிந்துவிடும். மெலோஃபோனில் நாலே பேர் இருக்கும் குழுவில் உங்கள் மகள் ஒருத்தி என்றால் அவளுக்கு ஒளிய இடமே இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அணிவகுப்பில் ஓட்டை விழும். அதனாலேயே சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அவள் பெயர் மட்டுமல்ல, எந்த உதடு வெடித்திருக்கிறது, எந்தக் கால் ஷூ கடிக்கிறது என்பதுவரை தெரியும். பெரிய குழுவில் இதெல்லாம் நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே ஆடிஷனுக்கு வரும் கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை முதல் முகாமோடு திரும்புவதுதான் வழக்கம்.

எங்கள் பையன் ஒரு சின்னக் குழுவில் பாரிடோன் என்ற பித்தளைக் கருவி ஊதினான். நானும் என் மனைவியும் லீவு கிடைத்தபோதெல்லாம் சமையல் வண்டியில் வேலை செய்தோம். ஒரு செமி டிரெய்லரைச் சமையலறையாக மாற்றியிருப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. நாலாவது வேளை போட்டி முடிந்து இரவு பதினொரு மணிக்குப் பார்க்கிங் லாட்டில். ஒருமுறை என் மனைவி பெரிய அலுமினியத் தட்டு நிறைய எலுமிச்சை சாதம் கிளறி வைத்தாள். டிரம்லைன் பையன்கள் அதன்மேல் ஹாட் சாஸ் ஊற்றி, வேர்க்கடலையை மட்டும் பொறுக்கப் பார்த்து, பிறகு தட்டையே காலி செய்துவிட்டார்கள். ஸ்னேர் டிரம் அடிக்கும் பையன்களின் விரல் முழுக்க டேப். பேசக்கூடத் தெம்பில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தாங்களே கழுவி அடுக்கிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள். வீட்டில் என் பையன் அதுவரை தட்டைத் தொட்டதில்லை.

இப்போது பணம். பெரிய குழு என்றால் கட்டணமே ஐயாயிரம் டாலரைத் தாண்டும். விமான டிக்கெட், ஷூ, முகாம் செலவு தனி. ஓப்பன் கிளாஸ் எனப்படும் சின்னக் குழுக்களில் சீசன் குறுகியது, செலவும் குறைவு. பெரும்பாலும் உதவித்தொகை இருக்கும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். கார் கழுவி, டோனட் விற்றுப் பணம் சேர்க்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவியின் பயத்தைச் சும்மா தள்ளிவிட மாட்டேன். 2018ல் இந்த உலகத்தில் பெரியவர்கள் சிலரின் நடத்தை பற்றிப் பத்திரிகைகளில் பெரிதாக வந்தது, அதன் பிறகு விதிகளை இறுக்கினார்கள். எந்தக் குழுவானாலும் நேரில் கேளுங்கள்: உடன் வரும் பெரியவர்களின் பின்னணியைச் சோதித்தீர்களா, பெண் பிள்ளைகள் எங்கே தூங்குவார்கள், யார் காவல், அடிபட்டால் பார்க்க அத்லெடிக் டிரெய்னர் உண்டா, வெயில் நூறு டிகிரியைத் தாண்டினால் பயிற்சியை என்ன செய்வீர்கள்? பதில் சொல்ல இழுப்பவர்களிடம் அனுப்பாதீர்கள். எஸ்ஏடிக்குக் குளிர்காலம் இருக்கிறது. காலேஜ் விண்ணப்பத்துக்கு இது உதவுமா என்ற கணக்கோடு மட்டும் அனுப்பாதீர்கள், ஜூலை மாத வெயிலில் பன்னிரண்டு மணி நேரப் பயிற்சியை அந்தக் கணக்கு தாங்காது.

மாண்டரின்ஸ் இன்று சின்னக் குழு அல்ல. பெரிய பிரிவுக்குப் போய், 2018ல் முதல்முறையாக இறுதிச்சுற்றின் பன்னிரண்டு குழுக்களில் ஒன்றானார்கள். அன்று ஊரில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் வாயெல்லாம் பல். நானும் கத்தினேன், பொய் சொல்லவில்லை. ஆனாலும் இப்போதைய ஷோக்களில் ஸ்பீக்கரும் சின்தசைசரும் மைதானம் நிறையப் பலகைகளுமாகப் பார்க்கும்போது அந்த அறுபது பேரின் வெறும் காற்றுதான் எனக்கு இனிக்கிறது. பிள்ளைகளிடம் சொன்னால் கிழவன் என்பார்கள்.

உங்களுக்கு ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் கான்கார்ட். அங்கே புளூ டெவில்ஸ் பி குழுவை முதலில் விசாரியுங்கள். ஓப்பன் கிளாஸ்தான், ஆனால் பலமுறை ஜெயித்தவர்கள், லேசில் இடம் கிடைக்காது. ஆடிஷன் முகாம்கள் பொதுவாக நவம்பர், டிசம்பரில். அதற்கு முன்பு வரும் சீசனில் ஒரு போட்டிக்குக் குடும்பத்தோடு போய்விடுங்கள். ஐம்பது கெஜக் கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே முடியுமோ அவ்வளவு மேலே டிக்கெட் வாங்குங்கள், கீழே உட்கார்ந்தால் வடிவம் எதுவும் தெரியாது. கதவு திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள், நம் ஆட்கள் வழக்கம்போல எட்டு மணிக்குப் போனால் சின்னக் குழுக்கள் ஆடி முடித்திருக்கும். தொப்பியும் தண்ணீரும் மறக்காதீர்கள். இரவில் கடல் பக்கமிருந்து இங்கே டெல்டா காற்று என்று சொல்வது வந்தால் குளிரும், மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துவையுங்கள்.