காது கேக்காத தம்பிக்கு பிரைவேட் கம்பெனில வேலை கிடைக்குமா? இன்டர்வியூல காத பத்தி சொல்லணுமா, மறைக்கணுமா?

சொல்லிடுங்க. அதுவும் முதல்லயே. "வேலைல உக்காந்துட்டு ஈசியா பேசற"ன்னு யாராச்சும் வருவாங்கன்னு தெரியும், அதனால நான் மறைச்சு பட்ட கதைய சொல்லிடறேன்.

எனக்கு ரெண்டு காதுலயும் 65 டெசிபல் லாஸ். காது மிஷின் வச்சா எதிர்ல இருந்து பேசறது பாதி காதுல, பாதி வாயசைவுல புரியும். உங்க தம்பியும் அப்படித்தான்னு நினைச்சுதான் எழுதறேன். சுத்தமா கேக்காம சைகை மொழிலயே பேசறவர்னா என் அனுபவம் அவ்வளவா உதவாது.

பிகாம் முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் போடற வேலைக்கு போனேன். மிஷின் தெரியாத மாதிரி முடி வளத்துக்கிட்டுதான் இன்டர்வியூக்கே போனது. ஏசி ரூம், ரெண்டே பேரு, சமாளிச்சுட்டேன். நாலு மாசம் ஓடுச்சு. ஒரு நாள் ராத்திரி பேக்கிங் செக்‌ஷன்ல இருந்து போன், லாரி கெளம்பப் போகுது, எத்தன கார்ட்டன்னு கேட்டா நூத்தி ஒம்பதுன்னு சொல்லிருக்காங்க, எனக்கு நூத்தி அம்பதுன்னு விழுந்துச்சு. (நல்லா கேக்கறவங்களுக்கே போன்ல அம்பதும் ஒம்பதும் குழம்பும், ஆனா அவங்க திரும்ப கேப்பாங்க.) நான் ஏற்கனவே ரெண்டு தடவ "ஆங்?"னு கேட்டாச்சு, மூணாவது கேட்டா மாட்டிக்குவோம்னு "சரிங்ண்ணா"ன்னு வச்சுட்டேன். தூத்துக்குடில எண்ணிப் பாத்தா 41 பெட்டி குறையுது. டிரைவரத்தான் மொதல்ல சந்தேகப்பட்டாங்க, பாவம் மனுசன்.

மறுநாள் மேனேஜர் எல்லார் முன்னாடியும் "பொறுப்பே இல்லாதவன்"னு திட்டினாரு. காது சரியா கேக்காதுங்கன்னு ஒரு வார்த்த சொல்ல வாய் வரல. செவிடன்னு பேரு வாங்கியிருந்தாக்கூட அது உண்மை, பொறுப்பில்லாதவன்னு வாங்கிட்டு வேலைய விட்டேன் பாருங்க, அதான் இன்னும் உறுத்துது.

அதுக்கப்புறம் எல்லா இடத்துலயும் சொல்லிட்டேன். மூணு கம்பெனில "சொல்லி அனுப்பறோம்"னாங்க, அதையும் மறைக்கல. நாலாவது இடத்துல, போன் எடுக்க மாட்டேங்க, எண்ணிக்கை எல்லாம் வாட்ஸப்ல எழுதி வரணும், பேசறப்ப என் மொகத்த பாத்து பேசணும், இது மூணும் இருந்தா ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்கு கஸ்டம்ஸ்ல குடுக்கற பேப்பர்) வரைக்கும் நான் பாத்துக்கறேன்னேன். முதலாளி கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு, "போன் பேசறதுக்கு இங்க நாலு பேரு இருக்கான், எழுதறதுக்குத்தான் ஆளில்ல"ன்னாரு. இப்பவும் அங்கதான் இருக்கேன். நிட்டிங் ஹாலுக்குள்ள போனா சிரிப்பா வரும், மிஷின் சத்தத்துல அங்க யாருக்குமே காது கேக்காது, வாயசைவ பாத்து சரியா புடிக்கறது நான் ஒருத்தன்தான். 2020ல எல்லாரும் மாஸ்க் போட்டப்பதான் தவிச்சுப் போயிட்டேன், பேசறத போன்ல எழுத்தா காட்டற ஆப்ப வச்சுதான் ஓட்டினேன்.

தம்பிக்கு குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோன்னு சர்டிபிகேட் இருந்தா யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிங்களுக்கான அடையாள அட்டை) எடுத்து வச்சுக்கங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கவர்மென்ட் வேலைல 4 சதவீதம் ஒதுக்கீடு, அதுல காது குறைபாட்டுக்கு 1 சதவீதம், டிஎன்பிஎஸ்சியும் ஒரு பக்கம் எழுதட்டும். பிரைவேட்ல ஒதுக்கீடு கிடையாது, ஆனா 20 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற கம்பெனி மாற்றுத்திறனாளிங்களுக்கு என்ன வேலை, என்ன வசதின்னு எழுத்துல வச்சிருக்கணும். அதுக்காக சட்டத்த இன்டர்வியூலயே எடுத்து நீட்டாதீங்க, ஓடிப் போயிடுவாங்க. வேலைவாய்ப்பு முகாமுக்கும் போங்க, ஆனா நான் போன முகாம்ல பாதி ஸ்டால்ல லேசா கால் குறைபாடு இருந்து மாடி ஏற முடிஞ்சவங்களத்தான் தேடினாங்க. கால் குறைபாடு உள்ளவங்கள நான் குறை சொல்லல, சண்டைக்கு வராதீங்க, கம்பெனிக்காரங்க கணக்கு அப்படி.

கேள்விக்கு சம்மந்தமில்லதான், இருந்தாலும் இந்த பேங்க்காரங்கள என்ன பண்றது? கார்டு பிளாக் ஆயிருச்சுன்னா "கஸ்டமர்தான் பேசணும்"ங்கறாங்க. காது கேக்காதுன்னு மெயில் போட்டா, அந்த மெயிலுக்கு பதிலா போன் பண்றாங்க! எங்கம்மா பக்கத்துல நின்னு பேசினா "அவர்கிட்ட குடுங்க"ங்கறாங்க. என் சம்பளம், என் கார்டு, நான் எழுதறது செல்லாதாம்.

தம்பிய ரெஸ்யூம்ல நம்பருக்கு பக்கத்துலயே "மெசேஜ் மட்டும்"னு போடச் சொல்லுங்க. வேற எதாச்சும் கேக்கணும்னா இங்கயே எழுதுங்க, என் நம்பர் கேக்காதீங்க, எடுக்க மாட்டேன்.