தோப்புக்கு மூன்று, வயலுக்கு இரண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு 2 ஏக்கர் நெல், 3 ஏக்கர் தென்னை. நாலு வருடமாக உரமோ மருந்தோ போடவில்லை. அங்ககச் (ஆர்கானிக்) சான்று உடனே கிடைக்குமா? பக்கத்து வயல்காரர் மருந்து அடிப்பதால் சிக்கல் வருமா?
- வாசகர், ஆனைமலை

பதில்: உடனே கிடைக்காது. தேசிய அங்கக உற்பத்தித் திட்டப்படி நெல்லுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டு, தென்னைக்குச் சான்றோடு விற்கும் முதல் வெட்டுக்கு முன் 3 ஆண்டு மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு அங்கக முறைக்கு மாறிக் காத்திருக்க வேண்டிய காலம். நாலு வருடமாகப் போடவில்லை என்று வாயால் சொன்னால் எடுபடாது. ஆவணம் இருந்தால் காலத்தைக் குறைக்கச் சான்று நிறுவனத்துக்கு இடமுண்டு. இல்லையென்றால் பதிவு செய்த நாளிலிருந்துதான் கணக்கு. ஆகவே முதலில் பதியுங்கள்.

கோவையில் உள்ள அங்ககச் சான்றளிப்புத் துறையிடம் விண்ணப்பிக்கலாம். பண்ணை வரைபடம், சிட்டா, மண், பாசன நீர் பரிசோதனை முடிவு, ஆண்டுப் பயிர்த் திட்டம் ஆகியவை வேண்டும். வரைபடத்தில் பக்கத்து வயல்களில் என்ன பயிர் என்பதையும் குறியுங்கள்.

பக்கத்து வயல் சிக்கல்தான். வரப்போரம் உயிர்வேலி வையுங்கள். அது வளரும்வரை ஓர வரிசைகளைத் தனியே அறுத்துச் சாதாரண நெல்லாகவே விற்றுவிடுங்கள். வயலுக்கு வயல் பாயும் தண்ணீர் அதைவிட மோசம்; மேல்வயல்காரர் போட்ட யூரியா மடை வழியே உங்கள் வயலுக்குள் வந்துவிடும். வாய்க்காலைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பலர் சறுக்குவது சின்ன விஷயங்களில்: மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை, இரவல் வாங்கிய தெளிப்பான், நெல் கட்டிவைத்த பழைய யூரியா சாக்கு. ஆய்வாளர் களஞ்சியத்தை எட்டிப் பார்த்ததும் கண்ணில் படுவது அந்தச் சாக்குதான். விதை, தொழு உரம், புண்ணாக்கு எது வாங்கினாலும் ரசீதைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

கேள்வி: பாக்கெட்டில் ‘இயற்கை’, ‘நாட்டு’ என்றெல்லாம் போட்டிருக்கிறது. எதை நம்பி வாங்குவது?
- வாசகி, திருச்சி

பதில்: அந்தச் சொற்களுக்கும் சான்றுக்கும் சம்பந்தமில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகள்படி, ஆர்கானிக் என்று விற்கும் பாக்கெட்டில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்க வேண்டும். கூடவே ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது ‘பி.ஜி.எஸ்.’ (விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து பெறும் சான்று) முத்திரையையும் தேடுங்கள். அதே ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் எல்லா உணவு பாக்கெட்டிலும் வருவது. அது மட்டும் இருந்தால் ஆர்கானிக் ஆகிவிடாது. பல பொருள் கலந்த சத்துமாவு மாதிரியானவற்றில் 95 சதவீதமாவது அங்ககப் பொருளாக இருக்க வேண்டும். மருந்தின் எச்சம் துளியும் இருக்காது என்று சட்டமே சொல்லவில்லை. சாதாரண உணவுக்கான வரம்பில் 5 சதவீதம், அல்லது ஆய்வகத்தால் அளக்க முடிகிற குறைந்தபட்ச அளவு, இரண்டில் எது கூடுதலோ அதுவரை அனுமதி.

கேள்வி: சான்று இல்லாமல் சந்தையில் நேரடியாக விற்கலாமா?
- வாசகர், தேனி

பதில்: சொந்த விளைச்சலைச் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கும், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு உண்டு. ஆனால் ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக்கூடாது. முத்திரை வேண்டுமென்றால் பக்கத்து விவசாயிகள் குறைந்தது 5 பேர் சேர்ந்து பி.ஜி.எஸ். குழு அமையுங்கள். ஒருவர் வயலை ஒருவர் ஆய்வு செய்யும் முறை அது. மாறுதல் காலத்தில் ‘பி.ஜி.எஸ். கிரீன்’, முடிந்த பிறகே ‘பி.ஜி.எஸ். ஆர்கானிக்’. ஏற்றுமதிக்கு இந்தச் சான்று செல்லாது.