ஒரே உலோகச் சேர்மம் புற்றுநோயைப் படம்பிடிக்கவும் கொல்லவும் எப்படி உதவுகிறது?

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ருத்தேனியம், இரிடியம் மாதிரி கனமான உலோகங்களின் அணைவுச் சேர்மத்தில் (நடுவில் உலோக அணு, அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகள்) ஒளி பட்டதும், கிளர்ந்த எலக்ட்ரான் மும்மை நிலை என்ற ஆற்றல் நிலைக்கு எளிதாக மாறி, அங்கே மைக்ரோவினாடிக் கணக்கில் தங்கிவிடுகிறது; அங்கிருந்து இறங்கும்போது சேர்மம் ஒளிர்கிறது. செல்லின் சொந்த ஒளிர்வு சில நானோவினாடிகளில் அணைந்துவிடும், அதனால் துளி நேரம் தாமதித்துப் படமெடுத்தால் சேர்மம் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

அப்புறம், அதே மும்மை நிலை பக்கத்தில் உள்ள ஆக்சிஜனுக்கு ஆற்றலைக் கொடுத்தால் ஒற்றை நிலை ஆக்சிஜன் என்ற, மிகத் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் உருவாகிறது. அது உருவான இடத்திலேயே செல்லைச் சிதைக்கும், வெகுதூரம் போகாது. ஆனால் ஆக்சிஜனுக்குப் போகும் ஆற்றல் ஒளிர்வில் குறையும், எனவே சேர்மத்தை வடிவமைப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே சமன் பார்க்க வேண்டும்.

இது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. வேதியியலாளர் ஷெர்ரி மெக்ஃபார்லண்டின் குழு உருவாக்கிய டிஎல்டி-1433 என்ற ருத்தேனியம் சேர்மம் 2017இல் கனடாவில் மனிதச் சோதனைக்கு வந்தது. பிசிஜி சிகிச்சைக்கு (காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி நோயெதிர்ப்பைத் தூண்டுவது) கட்டுப்படாத, தசைக்குள் இறங்காத சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு, மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தி, பிறகு பச்சை ஒளி பாய்ச்சுகிறார்கள். பச்சை ஒளி திசுவுக்குள் ஆழமாகப் போகாது, இங்கே அது நல்லதே: மேலடுக்கில் உள்ள கட்டிக்கு அது போதும், அடியில் உள்ள தசையும் தப்பிக்கும். ஆழமான கட்டிகளுக்குச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சும் சேர்மங்கள் வேண்டும்.